சைக்கிள் வால்வுகள்: வுட்ஸ், ஷ்ரேடர், பிரெஸ்டா ஆகியவற்றை அறிந்து கையாளும் முறை

வீட்டில் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள் ஒன்றும், பிள்ளைகளுக்காக அண்மையில் வாங்கிய கியர் சைக்கிள் ஒன்றும் இருந்தால், ஒன்றுக்குக் காற்று அடிக்கும் பம்பு மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். ரிம்மிலிருந்து விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு குழாய் வண்டிக்கு வண்டி மாறுகிறது. உலகம் முழுவதும் பெரிதும் புழங்கும் சைக்கிள் வால்வுகள் மூன்று: வுட்ஸ், ஷ்ரேடர், பிரெஸ்டா. வுட்ஸ் வால்வை டன்லப் வால்வு என்றும் சொல்வதுண்டு. மூன்றும் 1890களில் உருப்பெற்றவை. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும், அடைத்த காற்றை எப்படி உள்ளே நிறுத்திவைப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு இங்கிலாந்து ஒரு விடையும், அமெரிக்கா ஒரு விடையும், பிரான்சு ஒரு விடையும் கண்டன. ஜப்பானியர் இன்றும் இவற்றை முறையே ஆங்கில முறை, அமெரிக்க முறை, பிரெஞ்சு முறை என்றே அழைக்கிறார்கள்.

எந்த வால்வானாலும் அது ஒருவழிக் கதவு. காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அந்தக் கதவை மூடிவைத்திருப்பது எது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. வுட்ஸ் வால்வில் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் மூடுகிறது. ஷ்ரேடரில் ஒரு ஸ்பிரிங் மூடுகிறது. பிரெஸ்டாவில் டியூபுக்குள் இருக்கும் காற்றே மூடுகிறது. எந்தப் பம்பு வேண்டும், அழுத்தத்தை அளக்க முடியுமா, பழுது எங்கே வரும், அதை யார் சரிசெய்ய முடியும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

பார்த்ததும் இனம் காணுதல்

மூடியைக் கழற்றிவிட்டு மேலிருந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது போலத் தடித்த குழாயும், அதன் வாய்க்குள் நடுவில் ஊசிமுனை போன்ற ஒரு சிறு கம்பியும் தெரிந்தால் அது ஷ்ரேடர். பென்சிலைவிட மெல்லியதாக நீண்டு, உச்சியில் கைவிரலால் திருகக்கூடிய மிகச்சிறிய பித்தளை நட்டு ஒன்று இருந்தால் அது பிரெஸ்டா. அடிப்பகுதி ஷ்ரேடர் அளவுக்குத் தடித்தும், மேற்பகுதி சட்டென்று மெலிந்தும், இரண்டும் சேரும் இடத்தில் சொரசொரப்பான ஓரமுள்ள ஒரு வளைய நட்டு பிடித்துக்கொண்டும் இருந்தால் அது வுட்ஸ். தமிழ்நாட்டில் பால்காரரும், தபால்காரரும், பள்ளிப் பிள்ளைகளும் பல பத்தாண்டுகளாக ஓட்டிவரும் சாதாரண சைக்கிள்களில் இருப்பது இந்த மூன்றாவது வகையே.

வுட்ஸ் வால்வும் வால்வு டியூபும்

இந்த வால்வைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். நம்மிடம் மிகுதியாக இருப்பது இதுதான். புதிய சைக்கிள்கள் வந்த பிறகு தேவையில்லாமல் தாழ்வாக மதிக்கப்படுவதும் இதுதான்.

வளைய நட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டு தனியே வந்துவிடும். அதன் மேல்பகுதியில் துளை உண்டு. அந்தத் துளை நேராக அடிவரை போகாமல், பாதியில் பக்கவாட்டில் திறந்துகொள்கிறது. அந்தப் பக்கத் துளையை மூடியபடி மாட்டப்படும் சிறு ரப்பர்க் குழாயைத்தான் கடைகளில் வால்வு டியூப் என்று கேட்டு வாங்குகிறோம். பம்பை அழுத்தும்போது காற்று பக்கத் துளை வழியாக வந்து ரப்பரைச் சற்றே உப்பவைத்து டியூபுக்குள் இறங்குகிறது. அழுத்துவதை நிறுத்தியதும் ரப்பர் தன் இறுக்கத்தால் துளையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே சேர்ந்த காற்றும் அதை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ரப்பரின் மேல்விளிம்பு பித்தளைத் துண்டின் அகன்ற தோளுக்கும் வால்வுக் குழாயின் வாய்க்கும் நடுவே நசுங்கி, வாஷரின் வேலையையும் சேர்த்தே செய்கிறது. இவ்வளவு எளிய பொருள் ஒன்று இரண்டு வேலைகளைச் செய்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்த அமைப்பின் குறைகளும் அந்த ரப்பரிலிருந்தே வருகின்றன. ஒவ்வொரு முறை காற்று அடிக்கும்போதும் ரப்பரின் இறுக்கத்தை மீறித் தள்ள வேண்டியிருப்பதால் கைக்குக் கூடுதல் பளு விழுகிறது. பம்பில் அளவுமானி இருந்தாலும், ரப்பரைத் திறக்கத் தேவைப்பட்ட அழுத்தமும் அதில் சேர்ந்துகொள்வதால், டயருக்குள் உண்மையில் இருப்பதைவிட அது சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆகவே வுட்ஸ் வால்வுள்ள சைக்கிளில் கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பார்ப்பதும், ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று கவனிப்பதும்தான் நம்பத்தக்க வழி. வெயிலில் நிற்கும் வண்டிகளில் வால்வு டியூப் காலப்போக்கில் பிசுபிசுத்துப் போகும் அல்லது வெடிப்பு விடும். இரவில் அடித்த காற்று காலையில் இறங்கியிருந்தால், பஞ்சர் என்று எண்ணி டயரைக் கழற்றுவதற்கு முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. வால்வு சக்கரத்தின் உச்சிக்கு வந்து அதன் முனை கீழ்நோக்கி இருக்கும்படி சக்கரத்தைச் சுழற்றி, ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வால்வின் முனையை அதில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் வால்வு டியூபை மாற்ற வேண்டும். பஞ்சர் கடைக்காரர்கள் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

மாற்றும் முறை இது. முதலில் வளைய நட்டை மெதுவாகத் தளர்த்தி, காற்று முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். காற்று நிறைந்திருக்கும்போது நட்டை ஒரேயடியாகக் கழற்றினால் பித்தளைத் துண்டு முகத்தை நோக்கித் தெறிக்கக்கூடும், ஆகையால் முகத்தை வால்வுக்கு நேரே வைக்கக் கூடாது. பித்தளைத் துண்டை உருவி, பழைய ரப்பரின் எச்சத்தை நகத்தாலோ துணியாலோ முழுவதும் நீக்குங்கள். பக்கத் துளையில் ரப்பர்த் துகள் அடைத்திருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள். புதிய வால்வு டியூபைத் தண்ணீரில் நனைத்து, துளையைத் தாண்டி அகன்ற தோள்வரை ஏறும்படி மாட்டுங்கள். எண்ணெய் தொட்டு மாட்டுவது வழுக்கலாக இருக்கும் என்றாலும் செய்யக் கூடாது. எண்ணெய் ரப்பரை ஊறவைத்துச் சில நாள்களிலேயே கெடுத்துவிடும். ரப்பர் நீளமாக இருந்தால் கத்தரித்துவிடலாம், ஆனால் துளைக்குக் கீழே தாராளமாக நீண்டிருக்க வேண்டும். பிறகு துண்டை மீண்டும் வால்வுக்குள் இறக்கி, அதன் சிறு புடைப்புகள் வால்வு வாயின் வெட்டுகளில் உட்காருகின்றனவா என்று பார்த்து, நட்டைக் கையால் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால் ரப்பரின் மேல்விளிம்பு அறுந்து, செய்த வேலை வீணாகும்.

ரப்பருக்குப் பதிலாக உள்ளே சிறு அடைப்பான் வைத்த பித்தளைத் துண்டுகளும் இருக்கின்றன. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வுட்ஸ் வால்வு இன்றும் பரவலாக இருப்பதற்கு இவையும் ஒரு காரணம். அதே வால்வுக் குழாயில் அப்படியே பொருந்தும். காற்று அடிப்பதும் இலகுவாகும். கிடைத்தால் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷ்ரேடர்

ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஆகஸ்ட் ஷ்ரேடர் தொடங்கிய பட்டறை, கடலில் மூழ்குவோருக்கான தலைக்கவசங்களுக்குப் பித்தளைப் பாகங்கள் செய்துவந்தது. அந்தக் குடும்பம் 1893இல் காப்புரிமை பெற்ற வால்வு பின்னாளில் கார், மோட்டார் சைக்கிள் எனக் காற்றடைத்த டயர் உள்ள வாகனங்களில் எல்லாம் இடம்பிடித்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் தடித்த டயர் சைக்கிள்களிலும், சிறுவர் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இதுவே வருகிறது.

உள்ளே ஒரு ஸ்பிரிங் கதவை எப்போதும் மூடியே வைத்திருக்கும். நடுவிலிருக்கும் கம்பியை அழுத்தினால் கதவு திறக்கும். பம்பின் தலையில் இருக்கும் சிறு முள் அந்தக் கம்பியை அழுத்துகிறது. பம்பை வால்வில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் கேட்கும் சீற்றம் அதனால் வருவதே. அழுத்தத்தை நேராக அளக்கலாம், கம்பியை நகத்தால் அழுத்திக் காற்றைக் குறைக்கலாம், பெட்ரோல் பங்கில் எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் நிரப்பலாம்.

ஆனால் பெட்ரோல் பங்க் காற்றில் ஓர் ஆபத்து உண்டு. மோட்டார் சைக்கிள் டயரோடு ஒப்பிட்டால் சைக்கிள் டியூபின் கொள்ளளவு மிகக் குறைவு. கம்பிரசரிலிருந்து வரும் காற்று சில நொடிகளில் அதை நிரப்பி மீறிவிடும். டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து விலகி டியூப் பிதுங்கி வெடித்ததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். அந்த ஓசைக்குப் பிறகு வெகுநேரம் காது அடைத்தே இருந்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையை முதலில் படியுங்கள். 26 அங்குலத் தடித்த டயர்கள் பலவற்றில் 40 முதல் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று இருக்கும். காற்று நிரப்புபவரிடம் அந்த எண்ணைச் சொல்லி, தானே நிற்கும் கருவியானால் முதலில் குறைந்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். கையால் விடும் குழாயானால் ஒரு நொடிக்கு மேல் தொடர்ந்து விடாமல், விட்டு விட்டு அடிக்கச் செய்து இடையிடையே டயரைத் தொட்டுப் பாருங்கள்.

ஷ்ரேடரில் காற்று கசிந்தால், கம்பியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த உள்பாகமான ஊசிப்பகுதி தளர்ந்திருக்கலாம், அல்லது மண் புகுந்து கதவு முழுதாக மூடாமல் இருக்கலாம். அந்த ஊசிப்பகுதியைத் திருகுவதற்கான சிறு கருவி இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சில உலோக மூடிகளின் தலையிலேயே அதற்கான வெட்டு இருக்கும். கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கசிவு தொடர்ந்தால் ஊசிப்பகுதியை முழுவதும் கழற்றிப் புதியதைப் போடுங்கள், டியூபை மாற்ற வேண்டியதில்லை. மூடியைத் தொலைத்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை இந்த வால்வில் கட்டாயம் விட வேண்டும், ஏனெனில் வாய் அகலமாக இருப்பதால் சேறும் மணலும் நேரே கதவின் மேல் போய் உட்காரும்.

பிரெஸ்டா

பிரான்சைச் சேர்ந்த எத்தியென் ஸ்கிளாவரான் வடிவமைத்த இந்த வால்வு, பந்தய சைக்கிள்களுக்கு உரியதாகவே வளர்ந்தது. குறுகிய ரிம்மில் பெரிய துளை போட்டால் ரிம் வலுவிழக்கும். பிரெஸ்டாவின் குழாய் ஏறத்தாழ 6 மி.மீ. தடிமனே உள்ளதால் ரிம்மில் 6.5 மி.மீ. துளை போதும், ஷ்ரேடருக்கும் வுட்ஸுக்கும் ஏறத்தாழ 8.5 மி.மீ. துளை வேண்டும். ஸ்பிரிங் இல்லாததால் பம்பு அதை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. 80 பிஎஸ்ஐக்கு மேல் காற்று தேவைப்படும் மெல்லிய டயர்களுக்குக் கைப்பம்பால் காற்று அடிக்கும்போது இந்த வேறுபாடு தோளில் தெரியும்.

பழக்கமில்லாதவர்கள் தடுமாறுவது உச்சியில் உள்ள சிறு நட்டில்தான். கதவை இழுத்துப் பிடித்திருக்கும் தாழ்ப்பாள் அது. காற்று அடிப்பதற்கு முன் அதை இடப்பக்கமாகச் சுழற்றி, தண்டின் மேல்முனைவரை ஏற்றிவிடுங்கள். அது முழுவதும் கழன்று வராது. அடுத்து முனையை விரலால் ஒருமுறை லேசாக அழுத்தி, 'உஸ்' என்று சிறிது காற்று வரச் செய்யுங்கள். பல நாள் மூடியிருந்த கதவு ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் செய்யாமல் பம்பை மாட்டினால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாமல் பம்பின் மானி மட்டும் மேலே போகும். பம்பின் தலையை நேராக வைத்து அழுத்திப் பூட்டி, அடித்து முடித்ததும் நேராகவே இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டி எடுத்தால் மெல்லிய தண்டு வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்த முயன்றால் பெரும்பாலும் ஒடிந்துவிடும். கைப்பம்பானால் ஒரு கையால் வால்வையும் டயரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியோடு வால்வு டியூபிலிருந்து கிழியும். கடைசியில் சிறு நட்டைக் கீழே இறக்கி மென்மையாக இறுக்குங்கள்.

ரிம்மோடு ஒட்டி வரும் மற்றொரு தட்டையான நட்டு பிரெஸ்டா வால்வு பலவற்றில் உண்டு. பம்பை அழுத்தும்போது வால்வு உள்ளே நழுவாமலிருக்க உதவுவதே அதன் பணி. விரலால் தொட்டுத் திருகிய அளவு போதும். வால்வின் நீளமும் கவனிக்க வேண்டியது: 40, 48, 60, 80 மி.மீ. என்று பல நீளங்களில் டியூப்கள் கிடைக்கின்றன. ஆழமான ரிம் உள்ள வண்டிக்குக் குட்டை வால்வு வாங்கினால், பம்பு கடிக்கப் போதிய நீளம் வெளியே இருக்காது. ரிம்மின் ஆழத்தை அளந்து, அதைவிட 15 முதல் 20 மி.மீ. கூடுதலானதை வாங்குங்கள்.

டியூப் இல்லாத டயர்களில் பஞ்சரை அடைக்க ஊற்றும் திரவம் பிரெஸ்டாவின் குறுகிய வழியில் உறைந்து அடைத்துக்கொள்வது பலரும் சொல்லும் குறை. ஊசிப்பகுதியைக் கழற்றிக் கழுவினால் சரியாகும். ஷ்வால்பே என்ற டயர் நிறுவனம் 2024இல் கிளிக் வால்வு என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. பிரெஸ்டா குழாயின் ஊசிப்பகுதியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இதைப் பொருத்தலாம். சிறு நட்டின் தொல்லையும் இல்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல்

பலரும் கேட்கும் கேள்வி இது. வுட்ஸும் ஷ்ரேடரும் ஒரே அளவுத் துளையில் பொருந்துவதால், பழைய சைக்கிளின் டியூபை மாற்றும்போது அதே டயர் அளவில் ஷ்ரேடர் வால்வுள்ள டியூப் கிடைத்தால் எந்தத் தயக்கமும் இன்றி மாற்றிக்கொள்ளலாம். பிரெஸ்டா டியூபை அகன்ற துளையுள்ள ரிம்மில் போடலாம். ஆனால் இடைவெளியை நிரப்பும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையத்தைத் துளையில் கட்டாயம் பொருத்த வேண்டும். வளையம் இல்லாமல் போட்டால், காற்று ஏறியதும் டியூப் அந்த இடைவெளி வழியே பிதுங்கி, வால்வின் அடியில் வெட்டுப்படும். எதிர்த்திசையில், பிரெஸ்டா துளையில் ஷ்ரேடர் நுழையாது. துளையைத் துரப்பணம் போட்டுப் பெரிதாக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அகலமான ரிம்மில் அது முடியக்கூடியதே என்றாலும், பந்தய சைக்கிளின் குறுகிய ரிம்மில் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

டியூபை மாற்றாமல் பம்பை மட்டும் பொருந்தச் செய்ய ஒரு சிறு பித்தளைத் துண்டு போதும். பிரெஸ்டாவின் மேல் திருகினால் ஷ்ரேடர் பம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பிரெஸ்டாவின் மேல்மரையும் வுட்ஸின் மேல்மரையும் ஒத்திருப்பதால் அதே துண்டு வுட்ஸ் வால்வுக்கும் பயன்படும். கறுப்பு சைக்கிளையும் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிச்செல்ல இந்தத் துண்டு வழிசெய்யும். பிரெஸ்டாவில் இதைத் திருகும் முன் சிறு நட்டைத் தளர்த்த மறக்கக் கூடாது.

எதைத் தேர்வது

புதிதாக வாங்குபவர் வால்வுக்காகச் சைக்கிளைத் தேர்வதில்லை என்பது தெரியும். தேர்வு கையில் இருக்கும்போது என் கருத்து இதுதான்: அன்றாடம் வேலைக்கோ பள்ளிக்கோ ஓட்டும், தடித்த டயர் உள்ள சைக்கிளுக்கு ஷ்ரேடர் சிறந்தது. எந்த ஊரிலும் காற்று கிடைக்கும், அழுத்தத்தை அளக்க முடியும், முரட்டுக் கையையும் தாங்கும். மெல்லிய டயரில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குப் பிரெஸ்டா. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடை மட்டுமே தென்படும் கிராமச் சாலையில், சுமை ஏற்றிய சைக்கிளோடு நிற்கும் ஒருவருக்கு வுட்ஸ் வால்வைவிட நல்ல துணை இல்லை என்றே நினைக்கிறேன். ஷ்ரேடரின் ஸ்பிரிங் உடைந்தாலோ பிரெஸ்டாவின் தண்டு முறிந்தாலோ அதற்கான பாகம் கைவசம் இருக்க வேண்டும். வுட்ஸுக்கு விரல் நீளத்து ரப்பர் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

எந்த வால்வானாலும் புதிய டியூபைப் போடும்போது ஒரு வேலையை விடாமல் செய்யுங்கள். டயரை ரிம்முக்குள் ஏற்றியதும், காற்று அடிப்பதற்கு முன், வால்வைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிப் பிறகு வெளியே இழுங்கள். வால்வின் அடியில் டயரின் விளிம்பு சிக்கியிருந்தால் இதில் விடுபட்டுவிடும். வால்வு ரிம்மிலிருந்து செங்குத்தாக நிற்க வேண்டும். சில வாரங்களில் அது சாய்ந்திருப்பதைக் கண்டால், காற்று குறைவாக ஓட்டியதால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் இழுத்துச் சென்றிருக்கிறது என்று பொருள். முழுக்காற்றையும் இறக்கி, டயரை இரு கைகளாலும் பிடித்து எதிர்த்திசையில் வால்வு நேராகும்வரை நகர்த்திவிட்டு, இம்முறை போதிய காற்று அடியுங்கள்.

வழியில் எடுத்துச் செல்லும் பையில், வுட்ஸ் வண்டியானால் நான்கைந்து வால்வு டியூப்களை மூடியுள்ள சிறு டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷ்ரேடரானால் இரண்டு ஊசிப்பகுதிகளும் திருகு கருவியும், பிரெஸ்டாவானால் ஷ்ரேடர் பம்பைப் பொருத்த உதவும் பித்தளைத் துண்டும் ஒரு மாற்று டியூபும் போதும்.